35 வீதம் பெரிதா, கையில் கிடைக்கும் லீட் பெரிதா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்துகொண்டு இரண்டு வருடமாக ஆயுள் காப்புறுதி செய்கிறீர்கள். இப்போதைய கிளை மாதாமாதம் உங்களுக்குக் கொஞ்சப் பெயர்கள், அதாவது காப்புறுதி எடுக்கக்கூடிய ஆக்களின் பெயரும் நம்பரும் கொண்ட லீட், தருகிறது. முதல் வருடக் கொமிஷன் 20 வீதம். இன்னொரு கம்பனியின் ரீம் லீடர் ஒருவர் 35 வீதம் தருகிறோம் வாருங்கள் என்கிறார். ஆனால் அங்கே பெயர் ஒன்றும் தரமாட்டார்கள், ஆளை நீங்களே பிடிக்க வேண்டும். பேஸ்புக்கில் விளம்பரம் போட்டு எடுத்த லீட்டை ஒன்று 350 ரூபாவுக்கு விற்கிற ஒருவரையும் அவரே அறிமுகப்படுத்தி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் ஏஜென்ட்மார் 110 வீதம் எடுக்கிறார்கள் என்ற வீடியோக்களையும் பார்த்துவிட்டு, "நான் 20 வீதத்தோடு இருந்து ஏமாறுகிறேனா அக்கா?" என்று கேட்கிறீர்கள்.

ஏமாறவில்லை. ஆனால் இப்போது 35க்குப் போனால் ஏமாறக்கூடும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வருகிற ஏ9 பாதை திறந்து கம்பனிகள் இங்கே வரிசையாகக் கிளை போட்ட 2010 இல் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வீதத்தை மட்டும் பார்த்து மாறி, ஆறே மாதத்தில் நகையை அடகுவைத்தவர்களை என் கண்முன்னே கண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அந்த 110 வீதம் பொய்யில்லை. அங்கே சுயாதீன ஏஜென்ட் ஒருவர் ஒரே நேரத்தில் பல கம்பனிகளின் பொலிசியை விற்கலாம். கம்பனிக்கும் அவருக்கும் இடையில் சந்தைப்படுத்தல் நிறுவனம் ஒன்று நிற்கும். முதல் வருடப் பிரீமியத்தில் இத்தனை வீதம் என்று ஆளுக்கு ஆள் ஒரு படி குறித்திருப்பார்கள். மேலே இருப்பவரின் படிக்கும் உங்கள் படிக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அவர் பைக்குப் போகும். லீட் இலவசமாகத் தருகிறேன் என்கிறவர் உங்கள் படியைக் குறைத்துத்தான் தருவார். படி முழுதும் உனக்கே என்கிறவர் லீட்டைக் காசுக்கு வாங்கச் சொல்லுவார். ஆக அங்கேயும் உங்கள் கேள்விதான் ஓடுகிறது, வீதங்கள் மட்டும்தான் பெரியவை. பெரியவையாக இருப்பதற்குக் காரணம், சம்பளம், கந்தோர், லீட், வாகனம் எல்லாச் செலவும் ஏஜென்டின் தலையில் ஏறியிருப்பது. அங்கே பல கம்பனிகள் முதல் ஒன்பது மாதக் கொமிஷனை முன்கூட்டியே கொடுத்துவிடும். வாடிக்கையாளர் மூன்றாம் மாதம் நிறுத்தினால், மிச்ச மாதத்துக்குக் கொடுத்ததை ஏஜென்டிடமிருந்தே திருப்பி அறவிடுவார்கள். 110 வீதம் எடுத்தும் கம்பனிக்குக் கடன்காரராக நிற்கிற ஏஜென்ட்மார் அங்கே உண்டு. வீடியோவில் அந்தப் பகுதி வந்திருக்காது.

இங்கே நடைமுறை வேறு. வாடிக்கையாளர் மாதம் மாதம் கட்டக் கட்டத்தான் நமக்கும் கொமிஷன் வரும். இந்த ஒரு விஷயம் உங்கள் முடிவையே மாற்றிவிடும். கீழே அதற்கு வருகிறேன்.

இனிக் கணக்கு. எண்களை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கொப்பியைப் பார்த்து உங்கள் எண்களைப் போடுங்கள்.

மாதம் 6,000 ரூபா கட்டுகிற ஒரு பொலிசி, வருடத்துக்கு 72,000. 20 வீதத்தில் உங்களுக்கு 14,400. 35 வீதத்தில் 25,200. வித்தியாசம் 10,800. அந்த ரீம் லீடர் உங்களுக்கு உண்மையில் கூட்டித் தருவது இந்த 10,800 தான். ஆள் தேடுகிற செலவு முழுவதும் இதற்குள் அடங்க வேண்டும். லீட் 350 ரூபா என்றால் 10,800க்கு ஏறக்குறைய 31 லீட் வாங்கலாம். 31 லீட்டுக்குள் ஒரு பொலிசி விழுந்தால், இலவச லீட்டோடு 20 வீதத்தில் இருப்பதற்குச் சமம். 31க்கு மேல் போனால் நட்டம்.

இதே கணக்கை மாதம் 3,000 கட்டுகிற பொலிசிக்குப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 5,400 ஆகிவிடும். 15 லீட்டுக்குள் ஒரு ஆள் கையெழுத்து வைக்க வேண்டும். பிரீமியம் பாதியாகும், லீட்டின் விலை பாதியாகாது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சந்திக்கிற சனத்தில் கனபேர் 3,000, 4,000க்குமேல் கட்ட முடியாத ஆக்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள், கடையில் நிற்கிறவர்கள், தோட்டம் செய்கிறவர்கள். விலைக்கு வாங்கின லீட்டோடு அவர்களிடம் போனால் உங்களுக்குக் கட்டாது. கட்டாததால், அவர்களால் தாங்க முடியாத பெரிய பொலிசியை அவர்கள் தலையில் கட்ட உங்களுக்கு ஆசை வரும். நீங்கள் நல்ல பிள்ளை என்பதால் வராது என்று நினைக்காதீர்கள். மாத முடிவில் காசு முட்டுப்படுகிறபோது எவருக்கும் வரும். பிறகு அந்தப் பொலிசி நாலாம் மாதம் நிற்கும்.

சரி, 31க்குள் ஒன்று விழுமா? 100 பேஸ்புக் லீட் எடுத்தீர்கள் என்று வையுங்கள். நாற்பது பேர் போன் எடுப்பார்கள். பதினைந்து பேர் வாருங்கள் என்பார்கள். போனால் பத்துப்பேர்தான் வீட்டில் இருப்பார்கள். மூன்று பேர் கையெழுத்து வைத்தால், முகம் தெரியாத சனத்திடம் அது நல்ல விளைச்சல். அப்படியானால் ஒரு பொலிசிக்கு லீட்டுக்கே 11,667 ரூபா போய்விட்டது. 10,800ஐ ஏற்கெனவே தாண்டியாயிற்று.

பெற்றோல் இன்னும் வரவில்லை. ஊர்களில் ஒரு லீட் கொக்குவிலாகவும் அடுத்தது நெல்லியடியாகவும் அதற்கடுத்தது வேலணையாகவும் இருக்கும். கிளை தரும் பெயர்கள் பெரும்பாலும் ஒரு சுற்றுவட்டாரத்துக்குள் இருக்கும், ஒரே பயணத்தில் மூன்று வீடு பார்க்கலாம். விளம்பரத்தில் வந்தவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள். சாவகச்சேரிக்குப் போய் ஆள் இல்லாமல் திரும்பி வருகிற ஒரு பின்னேரத்தின் விலையை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2022 ஆடி, ஆவணியில் எரிபொருள் தட்டுப்பாட்டில் மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோதுதான் அதன் விலை எனக்கு முழுதாக விளங்கியது. 92 ஒக்டேன் லீற்றர் 450 ரூபா. 4 லீற்றரை வைத்துக்கொண்டு இந்தக் கிழமை யாரிடம் போவது என்று உட்கார்ந்து யோசித்தபோது, பட்டியலில் வந்த ஒரு பெயரையும் நான் எடுக்கவில்லை. பழைய வாடிக்கையாளர் சொல்லிவிட்ட வீடுகளுக்கு மட்டும்தான் போனேன். ஒவ்வொரு கிழமையும் உங்களிடம் 4 லீற்றர்தான் இருக்கிறது என்று நினைத்து ஒருதரம் உங்கள் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். எந்த லீட்டுக்கு மதிப்பு, எதற்கு இல்லை என்று உடனே தெரியும்.

இனி நான் சொன்ன அந்தப் பெரிய விஷயம். லீட்டுக்கு இன்றைக்கே காசு கொடுக்கிறீர்கள். கொமிஷன் பன்னிரண்டு மாதமாகச் சொட்டுச் சொட்டாக வருகிறது. மாதம் 100 லீட், 35,000 ரூபா. மூன்று பொலிசி, ஒன்றுக்கு மாதம் 2,100, ஆக 6,300. முதல் மாதம் கொடுத்தது 35,000, வந்தது 6,300. இரண்டாம் மாதம் கொடுத்தது இன்னொரு 35,000, வந்தது 12,600. இப்படியே போனால் ஐந்தாம் மாத முடிவில் நீங்கள் உங்கள் கையிலிருந்து 80,500 ரூபா போட்டிருப்பீர்கள். ஆறாம் மாதம்தான் வரவு செலவைத் தாண்டும். போட்ட காசு முழுதும் திரும்பிவர பதினோராம் மாதம் ஆகும். இதில் பெற்றோல் இல்லை, போன் காசு இல்லை, நீங்கள் சாப்பிட்டது இல்லை. எல்லாவற்றையும் விட, ஒரு பொலிசிகூட இடையில் நின்றுபோகவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

ஆனால் பொலிசி இடையில் நின்றுபோகும். விளம்பரத்தைப் பார்த்து நம்பர் கொடுத்தவர் உங்களைத் தெரிந்தவரில்லை. வீட்டில் ஒரு செலவு வந்தால் முதலில் வெட்டுவது உங்கள் பிரீமியத்தைத்தான். நாலு மாதம் கட்டி நிறுத்தினால் 35 வீதத்தில் உங்களுக்கு வந்தது 8,400. அந்த ஆளைப் பிடிக்கக் கொடுத்தது 11,667. உழைத்து, அலைந்து, கையெழுத்து வாங்கி, மூவாயிரத்துச் சொச்சம் நட்டப்பட்டிருக்கிறீர்கள். கிளை தந்த இலவச லீட்டிலும் ஆள் நாலாம் மாதம் நிற்கலாம். ஆனால் 20 வீதத்தில் வந்த 4,800 உங்கள் கையில் இருக்கும், பெற்றோல் போக மிச்சம் உங்களது.

2022 இல் விலைவாசி ஏறினபோது என்னிடமிருந்த பொலிசிகளுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் அந்த வருடம் செப்டெம்பரில் 69.8 வீதம். யாருக்குத்தான் பிரீமியம் கட்ட மனம் வரும்? முன்பின் தெரியாமல் பிடித்த ஆக்கள் சொல்லாமல் நிறுத்தினார்கள். போன் எடுத்தால் எடுக்கவில்லை. தெரிந்தவர் சொல்லி வந்த ஆக்கள் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இந்த மாதம் ஏலாது, என்ன செய்யலாம்?" என்று கேட்டார்கள். கேட்டதால் வழி பார்க்க முடிந்தது. பிரீமியத்தைப் பிந்திக் கட்டத் தருகிற சலுகைக் காலம் எத்தனை நாள், மேலதிகக் காப்பைக் குறைத்துப் பிரீமியத்தை இறக்கலாமா, மாதத்திலிருந்து காலாண்டுக்கு மாற்றினால் உதவுமா என்று ஒவ்வொரு வீடாக இருந்து பார்த்தோம். எல்லாம் தப்பவில்லை. ஆனால் தப்பினவை அந்த வீடுகளில்தான்.

அந்த லீட் விற்கிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டியதையும் சொல்கிறேன். ஒரு பெயரை எனக்கு மட்டும் தருகிறீரா, நாலு பேருக்கும் விற்கிறீரா? படிவம் நிரப்பி எத்தனை நாள் ஆயிற்று? விளம்பரத்தில் என்ன வாசகம் போட்டீர்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். "இலவச மருத்துவப் பாதுகாப்பு" என்று போட்டு எடுத்த லீட்டில் காப்புறுதி வாங்க நினைத்த ஒருவரும் இருக்கமாட்டார். விளம்பரத்தைக் காட்ட மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். அதோடு, அந்தச் சனம் தங்கள் நம்பரை ஒரு காப்புறுதி முகவருக்குக் கொடுக்கச் சம்மதித்தார்களா என்பதும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டுவிட்டது. யாரோ திரட்டின பட்டியலை வாங்கிப் போன் அடிக்கிற பழக்கம் இனி நெடுநாள் ஓடாது.

சட்டத்தை விட ஊர் பெரிது. 2017 இல் நானும் ஒருவரிடம் காசு கொடுத்து 200 நம்பர் வாங்கினேன். எல்லாம் ஆசிரியர்களுடையவை. பதினேழாவதோ பதினெட்டாவதோ அழைப்பில் ஒரு ரீச்சர், "என்ர நம்பர் உமக்கு ஆர் தந்தது பிள்ளை?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மிச்ச நம்பர்களுக்கு நான் அடிக்கவில்லை. ஆனால் அதற்குள் கதை ஆசிரியர் அறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு பொலிசி எழுத எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. லண்டனிலோ ரொரன்ரோவிலோ ஒரு பெயர் கெட்டால் அடுத்த தெருவுக்குப் போகலாம். இங்கே திருநெல்வேலிச் சந்தையில் காலையில் ஒருவர் சொன்னது பின்னேரம் மருதனார்மடத்தில் இருக்கும்.

அந்தக் கதையே நல்ல வழியிலும் ஓடும். குருநகரில் ஒரு கடற்றொழிலாளியின் குடும்பம். பொலிசி எடுத்து மூன்று வருடத்தில் மனுசன் போய்விட்டார். இறப்புச் சான்றிதழ், மரண விசாரணை அறிக்கை, அடையாள அட்டையில் ஒரு எழுத்துப் பிழை, அதற்கு ஒரு சத்தியக்கூற்று என்று அந்த மனுசியோடு ஏழு தரம் அலைந்தேன். அந்த நாட்களில் எனக்கு ஒரு சதம் கொமிஷன் இல்லை. காசு வந்தது. அந்த வளவைச் சுற்றியே அதற்குப்பிறகு பதினொரு பொலிசி எழுதினேன், ஒன்றையும் நான் போய்க் கேட்கவில்லை. அந்தப் பதினொன்றுக்கும் என் லீட் செலவு ஏழு நாள் பெற்றோல். ஒரு கிளெய்முக்கு நீங்கள் கூடநிற்பது கடமை என்பதால் நில்லுங்கள். ஆனால் கணக்குப் பார்க்கிற இடத்தில் இதையும் பார்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் 35 வீதம் யாருக்கு லாபம் என்பது இங்கேதான் இருக்கிறது.

உங்களுக்குச் சொந்தமாகப் பெயர் வருகிறது என்று வையுங்கள். மாதம் இருபது பெயர், பழைய வாடிக்கையாளர் சொல்லி வந்தவை. அதில் ஐந்து பொலிசி. 20 வீதத்தில் 72,000. 35 வீதத்தில் 126,000. லீட் செலவு இல்லை, பெற்றோல் மட்டும். அந்த நிலையில் 20 வீதத்தோடு இருப்பதுதான் நட்டம். கிளை தருகிற லீட்டுக்காக நீங்கள் ஒவ்வொரு பொலிசியிலும் 10,800 ரூபா விட்டுக்கொடுக்கிறீர்கள், ஆனால் அந்த லீட் உங்களுக்குத் தேவைப்படவே இல்லை.

ஆகவே உங்கள் கொப்பியைத் திறந்து, கடந்த ஆறு மாதத்தில் எழுதின பொலிசி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். கிளை தந்ததா, நீங்களே பிடித்ததா, வாடிக்கையாளர் சொல்லி வந்ததா. சொல்லி வந்தவை பாதிக்குக் கீழே என்றால் அசையாதீர்கள். இரண்டு வருட அனுபவத்தில் பெரும்பாலும் கீழேதான் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் கைக்கு அது வர நாலு வருடம் சென்றது. பாதிக்கு மேல் என்றால், போக முன்னம் உங்கள் கிளை மனேஜரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: நீங்கள் தருகிற லீட்டுக்கு 20 வீதம் சரி, நானே கொண்டுவருகிற ஆளுக்குக் கூட ஏதாவது பார்ப்பீர்களா? முடியாது என்று சொல்லக்கூடும். ஆனால் மாதம் ஐந்து பொலிசி எழுதுகிற ஒருவரை இழக்க எந்த மனேஜருக்கும் விருப்பமிருக்காது. நேரடி வீதமாகத் தராவிட்டாலும் ஊக்கத்தொகையாக ஏதாவது வரலாம்.

அந்த 35 வீதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் கொமிஷன் எவ்வளவு, போனஸ் எவ்வளவு? எத்தனை பொலிசி எழுதினால் போனஸ், எத்தனை வீதம் பொலிசி பதின்மூன்றாம் மாதத்திலும் உயிரோடிருந்தால் போனஸ்? கொமிஷன் 22, மற்றதெல்லாம் இலக்குக்குமேல் வருகிற போனஸ் என்றால், உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு மாதம் 35, மூன்று மாதம் 22. வாயால் சொன்னதை விட்டுவிட்டு ஒப்பந்தத் தாளைக் கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. விட்டுப்போனால் இப்போதுள்ள பொலிசிகளின் இரண்டாம், மூன்றாம் வருடக் கொமிஷன் யாருக்கு? உங்களிடம் நாற்பது பொலிசி இருக்கிறது, சராசரி வருடப் பிரீமியம் 50,000, இரண்டாம் வருடக் கொமிஷன் 10 வீதம் என்று வைத்தாலே 200,000 ரூபா. போகிறபோது அது நின்றுவிடும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், புதிய இடத்தில் அந்த 10,800 வித்தியாசத்தில் பத்தொன்பது பொலிசி எழுதித்தான் அந்தக் குழியை நிரப்பலாம். தாளை எடுத்து வாசியுங்கள். விளங்காவிட்டால் விளங்கின ஒருவரிடம் காட்டுங்கள்.

மாறிப் போகிற முகவர்மார் பழைய வாடிக்கையாளரின் பொலிசியை நிறுத்திப் புதிய கம்பனியில் போட வைப்பது இங்கே நடக்கிறது. புதிய ரீம் லீடர் அதை உங்களிடம் எதிர்பார்க்கவும் கூடும். செய்யாதீர்கள் தங்கச்சி. ஆரம்ப வருடங்களில் நிறுத்தினால் அந்தச் சனத்துக்குத் திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை, அல்லது மிகச் சொற்பம். வயது கூடியதால் பிரீமியம் கூடும். இடையில் சீனி வருத்தமோ பிரஷரோ வந்திருந்தால் புதிய பொலிசியே கிடைக்காமல் போகலாம். உங்களுக்குக் கிடைக்கிற முதல் வருடக் கொமிஷன் அவர்களின் நட்டத்திலிருந்து வருகிற காசு.

சிறிய விஷயம் ஒன்று: மாதக் கொமிஷன் குறித்த ஒரு எல்லைக்குமேல் போனால் 5 வீதம் பிடித்துவைப்பு வரி கழித்துத்தான் கையில் வரும். 2023 தொடக்கம் இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டலாம், ஆனால் மாதச் செலவுத் திட்டம் போடுகிறபோது அதைக் கழித்துப் போடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த பேஸ்புக் லீட்டைப் பார்த்துவிட மனம் சொன்னால், 100 எடுக்காதீர்கள். 30 எடுங்கள், 10,500 ரூபா. இப்போதைய கம்பனியில் இருந்துகொண்டே எடுங்கள். வலிகாமத்துக்குள் இருக்கிறவர்கள் மட்டும் வேண்டும் என்று சொல்லுங்கள். பெயர் வந்த அன்றைக்கே அடியுங்கள், அடுத்த நாள் அடித்தால் படிவம் நிரப்பினதையே மறந்திருப்பார்கள். எத்தனை பேர் எடுத்தார்கள், எத்தனை வீடு போனீர்கள், எத்தனை கையெழுத்து என்று எழுதி வையுங்கள். 30இல் இரண்டு விழுந்தால் என் கணக்குப் பிழை, உங்கள் கை நல்ல கை. அப்போது 35 வீதக்காரரோடு பேசலாம்.

லீசிங் கம்பனியில் வேலை செய்கிற உங்கள் சிநேகிதி, பொலிசிக்கு 2,000 தந்தால் பெயர் அனுப்புகிறேன் என்று சொன்னதையும் கேட்டிருந்தீர்கள். 2,000 ரூபா மலிவுதான். ஆனால் அவர் அனுப்புவது அவருடைய கம்பனி வாடிக்கையாளரின் விபரம், அது அவர் விற்கக்கூடிய பொருளில்லை. பிடிபட்டால் அவருக்கு வேலை போகும், உங்களுக்கு முகவர் பதிவுக்கே சிக்கல் வரும். அவருக்கு உங்கள் விசிட்டிங் கார்டைக் கொடுங்கள். காப்புறுதி பற்றிக் கேட்கிறவர்கள் தாங்களாகவே உங்களைக் கூப்பிடட்டும்.